சைவ வீட்டுக் கருவாடு

கூடையை இறக்குவதற்கு முன்பே செபமாலை, “முட்டியக் காட்டு” என்பாள். எதிரில் நிற்கும் பையன் யாராயிருந்தாலும் சரி, குனிந்து இரண்டு முழங்கால்களையும் அழுத்திப் பார்ப்பாள். வீக்கம் இல்லையென்றால்தான் அடுத்த பேச்சு. ஒருமுறை தபால்காரர் மகன் எங்கள் வாசலில் நின்று அகப்பட்டுக்கொண்டான். மிரண்டு ஓடினான். “ஓடாதடா, விழுந்துறப் போற” என்று இவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஊர் கட்டுமாவடி. தொழில் கருவாடு. வாரம் ஒருமுறை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை வருவாள். சில வாரம் விராலிமலை வரை போவாள். கூடையை பஸ்ஸின் மேலே ஏற்ற விடமாட்டாள். “மேல வச்சா காக்கா கொத்தும்.”

“உள்ள சனங்க மூக்கப் பொத்துதே ஆத்தா” என்பார் கண்டக்டர்.

“பொத்திக்கிட்டு வரட்டும். நானா தொறக்கச் சொன்னேன்?”

கூடை அவள் மடியிலேயே வரும். வேறு யார் கையும் அதில் படக்கூடாது.

அவள் தவறாமல் போகும் வீடுகள் ஏழெட்டுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் இருப்பான். காயம் பட்டால் ரத்தம் உறையாத பையன். விழுந்தால் முட்டிக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கிவிடும். தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் நோய். செபமாலையின் மூத்த மகன் அதில் போய்விட்டான். இளையவன் சூசைராஜ் இருக்கிறான். மற்றத் தாய்மாரைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொருவராகப் பிடித்தாள். எந்தப் பையனுக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் மற்ற வீட்டார் போய்க் கொடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பயப்படுகிறவர்களிடம், “எறும்பு கடிக்கிற மாதிரிதாங்க” என்பாள். அவள் மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஊசியைக் கண்டால் வராந்தாவின் மறுகோடியில் இருப்பாள்.

எங்கள் வீடு சைவம். பையன், என் தம்பி ராமு. விஷயம் வெளியே தெரிந்தால் அக்காவுக்கு வரன் வராது என்று அம்மா பயந்தாள். செபமாலை எதற்கு வருகிறாள் என்று தெரு கேட்கக் கூடாதே. அதற்காக வாரந்தோறும் கருவாடு வாங்கினாள். வாங்கித் தென்னையடியில் புதைத்தாள். தெருநாய்கள் அத்தனையும் எங்கள் கொல்லையில் குடியேறின. நான் மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். ரகசியம் காக்க இதைவிடப் பழுதான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

“ரெண்டு கத்திரிக்காயப் போட்டுக் கொழம்பு வச்சா எப்படி இருக்கும். மண்ணுல போடுறீங்களே” என்று செபமாலை வருந்துவாள். அம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். கூடை வாசற்படி தாண்டக் கூடாது. அது அம்மாவின் சட்டம்.

மாசியில் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் மெதுவாகக் கேட்டாள்: “இனிமே கருவாடு யாரு தம்பி வாங்குவா? ராமுவுக்கு முட்டி வீக்கம் வத்திருச்சா?” தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் மூக்கோடு வாயையும் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் செபமாலை வந்தாள். கூடையை வாசலில் வைத்துவிட்டுத் தென்னையடியில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கருவாடு வாங்கினேன். எதற்கென்று தெரியவில்லை.

போன மாதம் ராமுவுக்குக் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்தது. பிடுங்காவிட்டால் ஆபத்து, ரத்தம் தயாராக இல்லாமல் பிடுங்கினால் அதைவிட ஆபத்து. அம்மா இருந்திருந்தால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த வீட்டுக்காரர்கள் யாரையும் தெரியாது. செபமாலைக்குச் சொல்லியனுப்பினேன். நாங்கள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது அந்த வீடுகளிலிருந்து விராலிமலை ஆண்டியப்பனும் வல்லத்திராக்கோட்டை வீரய்யாவும் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தார்கள். செபமாலை கூடையோடு நின்றாள். அவர்கள் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். வரவேண்டிய இன்னொரு வீட்டு உடையப்பன் வரவில்லை. வழியில் பஸ் நின்றுவிட்டதாம். இன்னும் ஒருவர் கொடுத்தால்தான் பல்லில் கை வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராமு கன்னத்தைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செபமாலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “வலிக்குமா தம்பி?”

“எறும்பு கடிக்கிற மாதிரிதான்.”

“அப்படி எந்தப் பொய்க்காரி சொன்னா?”

கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். முந்தானையால் கையை அழுத்தித் துடைத்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நர்சிடம் கையை நீட்டினாள்.