அப்பா சரிசெய்த கியர்

மெர்கோங் ஊரில், எங்கள் வீட்டு வாசலில், என் மகன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக் கியர் போட்டான். கரகரவென்று சத்தம் வந்தது, கியர் விழவில்லை. “கிளட்ச் கம்பி தளர்ந்திருக்கும், பாருப்பா” என்றேன். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று சிரித்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா தோட்டத்து எஞ்சின்களைப் பார்ப்பவர். ஒரு நாள் காலை, ஜப்பானிய அதிகாரி ஒருவனின் மோட்டார் சைக்கிள் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் இதே சத்தத்தோடு நின்றுவிட்டது. ரிப்பேர் தெரிந்தவர் யார் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கூவிக் கேட்டார்.

அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “போகாதீங்க. வேலை தெரிஞ்சவங்களத்தான் முதல்ல சயாம் காட்டுல ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போறானுங்க.”

“கம்பிதான் தளர்ந்திருக்கு, புள்ள. சத்தத்துலயே தெரியுது. ஒரு நிமிஷ வேலை.”

அப்பா கிளட்ச் பிடியை அழுத்திப் பார்த்தார். அது தொளதொளவென்று இருந்தது. நட்டை இரண்டு சுற்று முறுக்கி, கம்பியில் தேங்காயெண்ணெய் விட்டார். கியர் ‘டக்’கென்று விழுந்தது. அதிகாரி கோயில்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவுக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. முதலில் கூப்பிட்டது அப்பாவின் பெயரைத்தான். அவர் திரும்பி வரவேயில்லை.

லாரி போனபின் அம்மா அடுப்பிலிருந்த மரவள்ளிக்கிழங்கை இறக்கினாள். அப்பாவின் பங்கை எனக்கும் தம்பிக்கும் பிரித்துப் போட்டாள். யாரும் அழவில்லை. பசியாக இருந்தது, சாப்பிட்டோம்.