பாண்டிச்சேரியில் பின்சீட்டில் உட்கார்ந்த டிரைவர்

காலை ஐந்தரைக்கு ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. என் வீட்டுக்காரர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பங்குனி மாதம். போவது பாண்டிச்சேரிக்கு.

"இன்னாங்க இது? கடலுக்குப் போறோமா, ஊட்டிக்குப் போறோமா?"

"பஸ்ல காத்து அடிக்கும். நீ பேசாம ஏறு வசந்தா."

பெங்களூர்க்காரர்களைத் திருத்த முடியாது. வீட்டை விட்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர். ஆகவே பாண்டிச்சேரி போகிறவர்களுக்கு என் முதல் யோசனை, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆட்டோ கிளம்பியதும் அவருடைய வலது காலைப் பார்த்தேன். வேலையை ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் ப்ரேக் போடும் இடத்துக்கு நாலு அடி முன்னாலேயே இவர் தரையை அழுத்துவார். முப்பது வருடம் பெங்களூரில் நகரப் பேருந்து ஓட்டிய கால் அது. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து, இனிமேல் பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கையிலிருந்து ஸ்டியரிங் போய்விட்டது. காலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில், எங்கள் தெருப் பெண்ணொருத்தி பின்னால் ஓடிவர, மைதானத்தில் விழுந்து எழுந்து கற்று லைசென்ஸும் வாங்கினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் அத்தனை பாடும். மனிதர் ஒருநாள்கூடப் பின்னால் ஏறவில்லை. செக்கப்புக்கு அவர் ஆட்டோவில் போவார், நான் ஸ்கூட்டியில் பின்தொடர்வேன். தெருவே சிரித்தது. வீம்பு என்றால் வீம்பு, அப்படி ஒரு வீம்பு!

மகள் பாண்டிச்சேரியில் இரண்டு நாளுக்கு ரூம் போட்டுக் கொடுத்தபோது நான் மனதுக்குள் ஒன்றே ஒன்றை வேண்டிக்கொண்டேன். இந்த மனிதர் ஒரு தடவையாவது என் பின்னால் நிம்மதியாக உட்கார வேண்டும். கடலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாந்திநகர் பஸ் நிலையத்திலிருந்து ஆறு மணிக்கு மேல் வண்டி எடுத்தார்கள். தூரம் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் வரும். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று வழி. எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ராத்திரி பஸ்ஸில் போய் விடியற்காலையில் இறங்கி, ரூம் திறக்கும்வரை பையோடு தெருவில் நிற்கிறார்கள். பகலில் போனால் செஞ்சிக்கோட்டை மலையாவது கண்ணில் படும்.

இவர் அடம்பிடித்து டிரைவருக்கு நேர் பின் இருக்கையைப் பிடித்தார். அத்திப்பள்ளி தாண்டும்வரை பொறுத்தார். அதற்கப்புறம் முடியவில்லை.

"முந்தே ஹம்ப் இதெ, நோட்கொண்டு ஹோகி!" என்றார், முன்னால் மேடு இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று. எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு வீட்டுக்குள் தமிழ்தான். வண்டி ஓட்டுகிறவரைக் கண்டால் மட்டும் வாயில் தானாகக் கன்னடம் வந்துவிடும்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "சார், நான் திண்டிவனத்துக்காரன். தமிழ்லயே திட்டுங்க."

"திட்டலப்பா. சும்மா சொன்னேன்."

"நீங்களும் நம்ம லைனா சார்?"

"முப்பது வருசம். சிட்டி பஸ்."

"அப்ப நல்லா கால நீட்டித் தூங்குங்க சார். நான் முழிச்சிட்டுதானே இருக்கேன்."

இவர் தூங்கவில்லை. என் காதருகே குனிந்து, "வண்டியில நம்ம ஆளு ஒருத்தர் முழிச்சிருக்கணும்" என்றார். இது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து திருப்பதி, வேளாங்கண்ணி, எங்கே போனாலும் நானும் பிள்ளையும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவோம். இவர் மட்டும் யாரோ ஓட்டும் வண்டியின் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் விழித்திருக்கிறார் என்ற தைரியத்தில் நான் தூங்கிய தூக்கத்துக்கு அளவே கிடையாது.

திருவண்ணாமலையில் வண்டி நின்றபோது இட்லி சாப்பிட்டோம். நிற்கும் ஓட்டலில் சட்னியை நம்பாதீர்கள், பொடியே போதும்.

இரண்டரை மணிக்குப் பாண்டிச்சேரி. பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. குரங்குக் குல்லா பைக்குள் போனது. ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். காந்தி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ரூம். ரூமைப் பற்றி ஒரே ஒரு யோசனைதான். கடல் தெரிகிறதா என்று கேட்காதீர்கள், ஏசி ஓடுகிறதா என்று கேளுங்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரைவரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஊரே நடுரோட்டில் நடக்கிறது. கிதார் வாசிக்கும் பையன்கள், பலூன், சுண்டல், சோன்பப்டி, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த நம் ஜனங்கள். கறுப்புப் பாறைகளில் அலை மோதித் தெறிக்கிறது. அங்கே குளிக்க இறங்கக் கூடாது, பாறை வழுக்கும், இழுப்பும் அதிகம். நாங்கள் உட்கார்ந்து சோளம் தின்றோம். வண்டியே இல்லாத ரோட்டைப் பார்த்து இவர் முகம் கொஞ்சம் விரிந்தது. "ஒரு ஹாரன் சத்தம் இல்ல பாரேன்" என்றார். எனக்குப் பாதி வயிறு நிறைந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்துப் பக்கம் போய் ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்தேன். நாளுக்கு நானூற்றைம்பது, பெட்ரோல் நம்முடையது. லைசென்ஸை வைத்துக்கொண்டு வண்டி தருகிறார்கள். ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள், இருக்கிற கீறல்களை அப்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் டயரை அமுக்கினார், ப்ரேக்கைப் பிடித்து விட்டார், ஹாரன் அடித்தார், இண்டிகேட்டரைப் போட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். கடைக்காரர் மிரண்டுபோனார்.

"நல்ல வண்டி" என்று தீர்ப்புச் சொன்னார். "நீ ஓட்டு. நான் நடந்து வரேன்."

"எங்க நடந்து வருவீங்க?"

"பக்கத்துலதான். ஊர் என்ன பெரிய ஊரா?"

அடி ஆத்தாடி! அப்படியே செய்தார். பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் ஒட்டி அவர் நடைபாதையில் நடக்க, நான் ரோட்டோரம் அவர் வேகத்துக்கு ஸ்கூட்டியை உருட்டினேன். கல்யாண ஊர்வலம் போல இருந்தது, மாப்பிள்ளை மட்டும் நடந்து வந்தார். அங்கே பல தெருக்கள் ஒருவழி. பார்க்காமல் நுழைந்தால் போலீஸ்காரர் காத்திருப்பார். "வசந்தா, ஒன்வே! ஒன்வே!" என்று நடைபாதையிலிருந்தே இவர் கத்தினார். ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் படமெடுத்துக்கொண்டாள்.

இப்படியே கடற்கரைச் சாலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. இங்கேதான் நாங்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யும் தப்பைச் செய்தோம். பெங்களூரில் வெயில் என்பது குளிர் காயும் சமாசாரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெயிலில் போய் நிற்போம். தண்ணீர் பாட்டிலை யாரும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. அதே நினைப்பில், பங்குனி உச்சி வெயிலில், கையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கருங்கல் பதித்த கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். பாண்டிச்சேரிக்காரர் ஒருவரும் வெளியே இல்லை. அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும்.

காந்தி சிலையைத் தாண்டியதும் இவர் நின்றார். முகம் வெளுத்திருந்தது. மெல்லக் கையைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்தார்.

நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "மாரு வலிக்குதா? சொல்லுங்க, மாரு வலிக்குதா?"

"இல்லடி. தலை சுத்துது. அவ்வளவுதான்."

எட்டு மாதத்துக்கு முன் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அந்த விடியற்காலை மறுபடியும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். எதிர்ப்பக்க மரநிழலில் மோர் விற்ற அம்மா பார்த்துவிட்டு, சொம்போடு வந்தார். உப்புப் போட்ட மோரை இவர் வாயில் வைத்து, முந்தானையால் விசிறினார்.

"எந்த ஊரு?"

"பெங்களூர்மா."

"அதானே பாத்தேன். இந்த நேரத்துல இங்க நடக்கறவங்க எல்லாம் அந்த ஊருதான். நெழலுக்குக் கூட்டியா."

நிழலில் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்ததும் முகத்தில் இரத்தம் திரும்பியது. காசு கேட்டால் அந்த அம்மா முதல் சொம்புக்கு வாங்க மறுத்துவிட்டார். "வண்டிய வச்சுக்கினு எதுக்கு ஐயாவ நடக்க வுட்ட? ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருவாட்டி காட்டிட்டு வா" என்று என்னைத்தான் திட்டினார்.

"அவர் ஏற மாட்டாருமா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அடக்காமல் இவர் பக்கம் திரும்பினேன். "எட்டு மாசமா கெஞ்சுறேன். எனக்கு இன்னா, ஊர் சுத்தவா ஆசை? உங்களுக்கு ஒண்ணுன்னா ஆட்டோக்காரன் வர வரைக்கும் நான் தெருவுல நிக்கணுமா? அதுக்கு பயந்துதான இத கத்துக்கிட்டேன்!"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உம் மேல நம்பிக்கை இல்லாம இல்ல வசந்தா. எல்லாரையும் கொண்டு போய்ச் சேக்கறதுதான் நான் செஞ்ச வேலை. பின்னால ஏறி உக்காந்துட்டா, அப்பறம் நான் எதுக்கு?"

கேட்டீர்களா கதையை! எட்டு மாதமாக வீம்பு என்று நான் நினைத்தது இதுதான். எனக்குக் கோபமும் வந்தது, அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"நீங்க எதுக்கா? எனக்குத்தான். பஸ் ஓட்டுறவரா பாத்தா நான் கட்டிக்கிட்டேன்? உங்களத்தான கட்டிக்கிட்டேன். நீங்க சும்மா உக்காந்திருந்தாலே எனக்குப் போதும். ஏறுங்க."

மோர்க்கார அம்மா மறுபக்கம் திரும்பிச் சொம்பைக் கழுவ ஆரம்பித்தார்.

அவர் எழுந்தார். நிதானமாக ஹெல்மெட்டை மாட்டினார். நான் வண்டியை எடுத்ததும் பின்னால் ஏறி, சீட்டுக்குப் பின்னிருக்கும் கம்பியைப் பிடித்தார்.

"கம்பிய வேணாம். என்னைப் பிடிங்க."

முப்பது வருடத்தில் நாலு பேர் பார்க்க என் கையைக்கூடப் பிடித்ததில்லை. தோளில் இரண்டு கையையும் வைத்தார். கை ஜில்லென்று இருந்தது.

அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு, வெயிலும் தண்ணீர் இல்லாததும்தான், இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரானாலும் இங்கே பதினொன்றிலிருந்து நாலுவரை அறையை விட்டு வெளியே வராதீர்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை, நான் தலை பின்னி முடிப்பதற்குள் அவர் ஹெல்மெட்டோடு வண்டியருகில் நின்றிருந்தார். "பேக பேக, லேட்டாயித்து" என்று என்னிடமே கன்னடத்தில் அவசரப்படுத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம் படகுத்துறை. அங்கிருந்து படகில் ஆற்று முகத்துவாரத்தைக் கடந்தால் மணல் கடற்கரை. ஊருக்குள் இருப்பது பாறைக் கடற்கரை, ஆகவே காலை நனைக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். முதல் படகில் போங்கள், கூட்டம் இருக்காது. முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். படகுக் கட்டணம் கிழமைக்குக் கிழமை மாறுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிநெடுக முதுகுக்குப் பின்னால் வானொலி ஓடியது. "லாரி வருது... இப்ப முந்தாத... மாடு, மாடு... ம், இப்ப போ." அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் நின்றுபோனது. என்ன ஆயிற்றோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தலையைத் திருப்பி ஆற்றங்கரைத் தென்னைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவருக்கு ஏது அந்தச் சுகம்!

கடலில் கணுக்கால்வரை நின்றோம். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலைக்கு அலை பின்வாங்கினார்.

"எப்படி ஓட்டுறேன்?" என்று கேட்டேன்.

"ப்ரேக்க லேட்டா போடுற." ஒரு அலை வந்து போனது. "ஆனா பயமா இல்ல."

பத்து பவுன் சங்கிலி போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அன்று பதினொரு மணிக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினோம். இந்த முறை டிரைவருக்குப் பின் இருக்கை காலியாக இருந்தும் இவர் நடுவில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். பாண்டிச்சேரியில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நாங்கள் பாதிகூடப் பார்க்கவில்லை. பெங்களூரில் எட்டு மாதமாக முடியாத ஒன்று, யாருக்கும் யாரையும் தெரியாத அந்த ஊரில் முடிந்தது. கடலோரத்தில் ஊர்கள் நிறைய உண்டு. எனக்கு இனி அந்த ஊர்தான் ஊர்.

திண்டிவனத்தில் அவர் தலை லேசாக ஆடியது. செஞ்சிக்கு முன்னால் என் தோளில் சாய்ந்தது. வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டு, என் மனிதர் ஓடும் வண்டியில் தூங்கினார். வலது காலைப் பார்த்தேன். செருப்பு கழன்று, அசையாமல் கிடந்தது.

கிருஷ்ணகிரி தாண்டியதும் காற்று குளிர்ந்தது. பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். முதலில் சொன்ன யோசனையை மாற்றிக்கொள்கிறேன். ஸ்வெட்டரைக் கொண்டுபோங்கள், திரும்பி வரும்போது உதவும்.

எனக்கும் கண்ணைச் சொக்கியது. ஆனால் தூங்கவில்லை. ஓசூருக்கு முன்னால் ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்தது. டிரைவர் ப்ரேக் போடுவதற்கு முன்பே என் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியிருந்தது. அவர் விழிக்கவில்லை.