ஆற்றுக்கு விற்ற தண்ணீர்

2008இல் வறட்சி பல ஆண்டுகளாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. நான் குடியிருந்த மல்கிரேவிலிருந்து வடக்கே மரே ஆற்றங்கரைக்குக் காரில் போனேன். மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள்.

அப்போது ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடிந்தது. வாங்குபவர்களில் அரசும் உண்டு. வாங்கிய தண்ணீரைக் கரையோர மரங்களுக்காகவும் சதுப்புநிலங்களுக்காகவும் அது ஆற்றிலேயே விட்டுவிடும். மரங்கள் பட்டுப்போவதைத் தினமும் பார்த்த நண்பர், தன் உரிமையில் பாதியை அரசுக்கு விற்க முடிவு செய்திருந்தார்.

குசினி மேசையில் எனக்கு அதை விளக்கினார்.

"ஊரில குளத்துத் தண்ணி குறைஞ்சா கூட்டம் வைச்சு, அரைவாசி வயலைத்தான் விதைக்கிறனாங்கள். மிச்சம் தரிசு. இஞ்சயும் அதைத்தான் செய்யப்போறன்."

மனைவி தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இஞ்சாருங்கோ, விதைக்காத அரைவாசியின்ர தண்ணியும் விதைச்சதுக்குத்தானே வந்தது?"

"ஓம்."

"இஞ்ச அந்தத் தண்ணியையே வித்துப்போட்டு மிச்ச முந்திரிகைக் கொடிக்கு எதை விடப்போறியள்? தேத்தண்ணியையோ?"

பத்திரிகையில் இருந்த காலத்தில் வறட்சிக்கு எத்தனையோ தலைப்புகள் எழுதியிருக்கிறேன். இந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்ததில்லை. அந்த ஆண்டுகளில் அவரவர் உரிமையில் ஒரு சிறு பங்கு தண்ணீர்தான் கிடைத்தது. பாதி உரிமையை விற்றால், மீதிப் பாதிக்கும் அதே பங்குதான் வரும். தோட்டம் சிறிதாகும், தாகம் குறையாது.

"அப்ப ஆத்துக்குக் குடுக்கவே வேண்டாம் எண்டுறீரோ?"

"குடுங்கோ, கொஞ்சமாக் குடுங்கோ. ஆனா அரைவாசிக் கொடியை வெட்டவும் வேணும்."

ஆற்றுப் பக்கம் இருந்தவை அவர்கள் வந்ததும் நட்ட முதல் வரிசைகள். அவைதான் மூப்பானவை. குளிர்காலத்தில் நண்பரே அவற்றை வெட்டினார். உரிமையில் சிறு பகுதி மட்டும் அரசுக்குப் போனது.

அடுத்த வசந்தத்தில் மறுபடி போனேன். பக்கத்துச் சதுப்பு ஒன்றுக்கு, அரசு வாங்கிய தண்ணீரை ஆற்றிலிருந்து இறைத்திருந்தார்கள். மூவரும் பார்க்கப் போனோம். மொட்டையாக நின்ற மரங்களில் சில, அடிமரத்திலேயே இளந்தளிர் விட்டிருந்தன.

"இதில எங்கட தண்ணி எது?" என்றார் நண்பர்.

"அந்த வாத்துக்குக் கீழ இருக்கிறது," என்றார் மனைவி.

தோட்டத்துக்குத் திரும்பினோம். விட்டுவைத்த வரிசைகளில் இலைகள் அகலமாக இருந்தன. வெட்டிய வரிசைகளின் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி, கயிறு கட்டி, கொட்டிலில் அடுக்கியிருந்தார்கள். விற்கவா என்று கேட்டேன்.

"தண்ணியைத்தான் வித்தனாங்கள்," என்றார் அவர் மனைவி. "சந்தை எண்டா திருப்பி வாங்கவும் ஏலும்தானே."