ஆலிஸின் தலைமுடி

பிருந்தாவுக்கு நகைப் பைத்தியம் உண்டு. ஆனால் கல்யாண நகை அல்ல, சாவு நகை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் யாராவது இறந்துபோனால், தலைமுடியில் ஒரு சிறு கற்றையைக் கத்தரித்து மோதிரத்திலோ, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சிலோ கண்ணாடிக்கு அடியில் பதித்து, வீட்டுப் பெண்கள் போட்டுக்கொள்வார்களாம். அப்படிப்பட்ட நகைகளை ஏலத்தில் தேடித் தேடி வாங்கி, குவைத்தில் ஃபஹாஹீல் பகுதி ஃப்ளாட்டில், பீங்கான் கோப்பைகள் இருக்க வேண்டிய கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

கணவர் கல்யாணசுந்தரம் அதற்கு 'அமாவாசை அலமாரி' என்று பெயர் வைத்துவிட்டார். எதிர் ஃப்ளாட் நளினி வந்தால் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் காபி குடிப்பாள். "செத்தவங்க முடியை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறீங்களோ!"

பிருந்தா அசரமாட்டாள். வருடக்கணக்காகப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவளை நளினியாலா மடக்க முடியும்? "நம்மகிட்ட காரியம் முடிஞ்சதும் அழுகையை நிறுத்திக்கணும். நகையை அழிச்சு வேற செஞ்சுக்கணும். இவங்க அழுததை நெஞ்சு மேல குத்திக்கிட்டுக் கடைத்தெருவுக்கே போயிருக்காங்க. எனக்கு அந்தத் தைரியம் பிடிச்சிருக்கு" என்பாள். இவள் யாரையோ பறிகொடுத்துவிட்டாள், அதனால்தான் இப்படி என்று சிலர் உச்சுக்கொட்டுவார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் திருச்சியில் சீட்டாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இருப்பதிலேயே அவளுக்கு உயிரான ப்ரூச் ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தளவு கண்ணாடிக்குள் தேன் நிறச் சுருள் முடி, நூலால் கட்டியது. பின்பக்கம் 'ஆலிஸ், வயது நான்கு' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அதன் ஊசி ஆடத் தொடங்கியதால், டூட்டிக்குப் போகிற வழியில் கல்யாணசுந்தரம் அதை மார்க்கெட்டில் நகைப்பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமியிடம் கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர், கை சுத்தம். "ஊசியை டைட் பண்ணுங்க, அப்படியே க்ளீன் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த நகையைக் கொடுத்தாலும் நம்மவர்கள் வாயில் தானாக வரும் வார்த்தை அது.

மறுநாள் பிருந்தா வாங்கப் போனாள். ப்ரூச் பளபளவென்று இருந்தது. கண்ணாடிக்குள் ஒன்றுமே இல்லை.

"உள்ளார முடி விழுந்து கெடந்துச்சுங்க மேடம். அதான் கண்ணாடியக் கழட்டி எடுத்துப் போட்டு மறுபடி மூடிட்டனுங்க" என்றார் பழனிச்சாமி பெருமையாக.

பிருந்தா ப்ரூச்சைக் கீழே வைத்தாள். "எங்க போட்டீங்க?"

"பட்டறைக் குப்பையிலதானுங்க."

அதுவரைக்கும் பிழைத்தது. பட்டறைக் குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை. அரம் தேய்த்த தங்கத்தூள் அதில் கலந்திருக்கும். டின்னில் சேர்த்து, எரித்து, சாம்பலிலிருந்து தங்கத்தைப் பிரிப்பார்கள்.

"எரிச்சுட்டீங்களா?"

"இன்னைக்குச் சாயங்காலந்தானுங்க எரிக்கோணும்."

"டின்னைக் கொண்டாங்க" என்றாள் பிருந்தா, வகுப்பில் பேசும் குரலில்.

வெள்ளைத் தாளை விரித்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தூசியும் அரப்பொடியும் பட்டறை ஆட்களின் கறுப்பு முடியுமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் டின்னின் அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு சுருளைப் பழனிச்சாமி சாமண இடுக்கியால் தூக்கினார். கட்டிய நூல் அவிழவில்லை.

"இத்தனை தேடறீங்களே, யாரு முடிங்க இது?"

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். பிருந்தாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "செத்துப்போனவங்களோடது."

பழனிச்சாமி சுருளைத் தாளில் விட்டுவிட்டு எழுந்தார். சுவரில் லட்சுமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தொழில் பண்ற எடமுங்க. இத நான் மறுபடி உள்ளார வக்க மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆளுக்கு அவள் எங்கே போவாள்? அந்த மெல்லிய விளிம்பை உடைக்காமல் திறந்து மூட அவருக்குத்தான் கை உண்டு. சுருளைக் கடை கடையாகத் தூக்கி அலைந்தால் முடி நொறுங்கிவிடும். முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "வயசு என்னங்க அவங்களுக்கு?" என்றார்.

"நாலு வயசு."

பழனிச்சாமி தாளில் கிடந்த சுருளைக் குனிந்து பார்த்தார். "கொழந்தைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. நாங்க சின்னக் கொழந்தையை எரிக்கக்கூட மாட்டமுங்க, பொதைக்கறதுதான். கொழந்தைக்கு ஏதுங்க தீட்டு?"

மறுபடி உட்கார்ந்து, சுருளிலிருந்த தூசியைச் சின்னத் தூரிகையால் தட்டினார். ப்ரூச்சைத் திறந்து, அதை உள்ளே வளைத்து வைத்து, விளிம்பை அமுக்கி மூடினார்.

"பாப்பா பேரு என்னங்க?"

"ஆலிஸ்."

"அப்பா அம்மா?"

"அவங்களும் போய் ரொம்ப காலம் ஆச்சு. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப இந்தப் புள்ளைக்குன்னு இப்ப யாருங்க இருக்கறாங்க?"

அலமாரியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பிருந்தாவிடம் தயாராகப் பதில் இருக்கும். இதை யாரும் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அவள் துடைக்கவில்லை.

"நான்தான் இருக்கேன்" என்று சொல்லி, ப்ரூச்சை வாங்கக் கையை நீட்டினாள்.