கழித்துப் போட மனம் வராத ஜோன்ஸ் அண்ணாச்சி

ஜோன்ஸ் அண்ணாச்சியோடு வேலை பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறைக்குப் பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ராம், அதாவது நினைவகத் துண்டுகள், பெட்டி பெட்டியாக வரும். புது ராம் விற்கிற விலைக்கு, டேட்டா சென்டர்காரர்கள் பழையதையும் விடுவதில்லை. புது இயந்திரத்தில் அது நேராகப் பொருந்தாது; தனி அட்டையில் செருகிச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் சோதித்து, நல்லதை அனுப்பி, செத்ததைக் கழித்துவிட வேண்டும். அண்ணாச்சிக்குக் கழிக்க மட்டும் கை வராது. தோற்ற ராமை எடுத்து, முனையை ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டுவார். மறுபடியும் தோற்கும். மறுபடியும் தேய்ப்பார்.

"செத்தத எத்தன வாட்டி அண்ணாச்சி எழுப்புவிய?" என்று கத்துவேன்.

"இன்னொரு வாட்டி பாப்பம்லே" என்பார்.

எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆனாலும் விட்டுவிடுவேன். அவர் கடலோரப் புன்னக்காயல்காரர். ஒரே மகன் வில்சன் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனான். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கடலைப் பார்க்கவே முடியாமல்தான் புருஷனும் பெண்டாட்டியும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், அவர் மனைவி ஃபிளோரா அக்கா பட்டறைக்கே வந்துவிட்டார். அந்தத் திருநாளில் இறந்தவர்களின் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள். வீட்டார் முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். வில்சன் பெயரைக் கொடுக்க அண்ணாச்சி விட்டதே இல்லை. கொடுத்துவிட்டால் அவன் செத்தது உறுதியாகிவிடுமே.

"இந்த வருசமாவது குடுப்பம். எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் மெழுகுதிரி எரியுது. நம்ம பிள்ளைக்கு ஒரு செபங்கூட கெடையாது."

"ஆளு கெடைக்கலையே, ஃபிளோரா." கையிலிருந்த ராமைக் காட்டினார் அண்ணாச்சி. "இதப் பாரு. எத்தன வாட்டி தோத்துச்சு தெரியுமா? இன்னைக்குக் காலையில பொழச்சிட்டு. மகேசுட்ட கேளு."

உண்மைதான், பிழைத்திருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"இதுக்கு கரண்டு குடுத்தா முழிச்சிக்கிடும். நம்ம பிள்ளைக்கு என்னத்தங்க குடுக்க?"

அண்ணாச்சி மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "மகேசு, வேன எடு" என்றார்.

மூவரும் புன்னக்காயலுக்குப் போனோம். பங்குக் கோயிலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஊழியர், அந்த ஊர்க் கோயில்பிள்ளை, அண்ணாச்சியைக் கண்டதும் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"வில்சன்."

அந்தப் பெயரை அண்ணாச்சி வாயால் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

"எறந்த தேதி?" கோயில்பிள்ளை பையத்தான் கேட்டார்.

கடலுக்குப் போன நாளைச் சொல்வதா, படகு கிடைத்த நாளைச் சொல்வதா? அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குன்னு போட்டுக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.