கரையில் கிடந்தவனுக்கு வந்த ரத்தம்

சங்கு குளிக்கிறவனுக்கு வாயில் ரத்தம் வருவது பெரிய விஷயமில்லை. ஆழத்தில் காது அடைக்கும், மூக்குக்குள் கசியும், மேலே வந்து துப்பினால் சிவப்பாக இருக்கும். கொப்பளித்துவிட்டு மறுபடியும் இறங்குவோம். அதனால்தான் அன்று காலை நான் இருமித் துப்பியதைப் பார்த்து என் மனைவி பதறியதும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏளா, இது கடல் ரத்தம். ஊரைக் கூட்டாத."

அவள் கத்தவில்லை. என் தோளில் கிடந்த எங்கள் ரெண்டு வயது மகளை வாங்கிக்கொண்டாள். "காத்து ஓங்குனதுல நீங்க கடலுக்குப் போயி பதினோரு நாளாச்சு. கரையில கெடக்க ஆளுக்கு ஏது கடல் ரத்தம்?"

 மகள் பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை டி.பி. வந்து, ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாலாம் மாதமே இருமல் நின்றது. கடலும் சங்கு குளிக்கத் தோதாகத் தெளிந்தது. மாத்திரை குமட்டினால் முங்க முடியாது என்று மிச்சத்தைத் தூக்கிப் போட்டேன். முழுசும் முடித்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா படிவத்தோடு கேட்டார். "முன்னால டி.பி.க்கு மருந்து எடுத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"ஆறு மாசமும் முழுசா சாப்பிட்டாங்க சிஸ்டர்" என்றாள் மனைவி, பெருமையாக.

அதற்குமேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "நாலு மாசந்தான்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாதியில விட்டிருந்தா பழைய மருந்து கேக்குதான்னு முதல்ல பாக்கணும்" என்ற நர்ஸம்மா, பேனாவை நிறுத்தினார். "வீட்டுல சின்னப்பிள்ளை உண்டா?"

மகளுக்கும் எக்ஸ்ரே, டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வாசலிலேயே கிடந்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள். "உள்ள போ!" என்று அதட்டுவேன். உதட்டைப் பிதுக்கி அழுவாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவளுக்கு நோய் இல்லை. எனக்கும் பழைய மருந்தே கேட்கும் என்றார்கள். ஆனாலும் என்னோடு ஒரே வீட்டில் இருந்த பாவத்துக்கு, நோய் வராமலிருக்க அவளும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்.

காலையில் மனைவி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பாள். மகள் முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, 'ஆ'வென்று வாயைத் திறந்து காட்டுவாள். அப்புறம் மனைவி என் பக்கம் திரும்புவாள். விழுங்கிவிட்டேன் என்று நான் சொல்வதை அவள் காதிலேயே வாங்குவதில்லை. நானும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவேன்.