வடக்குத்து றெக்கை ஷெட்டில் ஒன்றரை நாள்

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை நெய்வேலிக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை, வேலையாகத்தான். அனல்மின் நிலையங்களில் சுடுதண்ணீரை ஆற வைக்கிற கூலிங் டவர் உச்சியில் ஒரு ராட்சத ஃபேன் சுற்றும். அதன் ஒரு பிளேடு மட்டும் நாலரை மீட்டர் நீளம். கண்ணாடி இழைத் துணியை ரெசின் என்கிற பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. உள்ளே எங்கேயாவது ஒட்டு விட்டிருக்கிறதா என்று அறுத்துப் பார்க்க முடியாது. அறுத்துவிட்டால் அப்புறம் பிளேடு எதற்கு? தட்டிப் பார்த்தும், ஒலி அனுப்பிப் பார்த்தும் உள்விவரம் சொல்வதுதான் என் பிழைப்பு. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். எனக்குக் காது நல்ல காது, அதில் சந்தேகமே வேண்டாம். இதே மாதிரி வேலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.10க்குக் கும்பகோணம் பஸ். டிக்கெட் 195 ரூபாய். பண்ருட்டி வரும்போது மணி 8.35. அங்கே ஏறியவர்களில் பாதிப் பேர் மடியில் பலாப்பழம், பஸ்ஸே மணத்தது. 9.20க்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி, இட்லியும் வடையும் சாப்பிட்டேன், அறுபது ரூபாய். சட்னி சுமார்.

ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எந்த பிளாக்குங்க? குவார்ட்டர்ஸ் நம்பர் சொல்லுங்க" என்றார். மின்நிலைய ஊழியர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்பில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"டவுன்ஷிப் இல்லண்ணே, வடக்குத்து. ஃபேன் பிளேடு ரிப்பேர் பண்ற ஷெட்."

"றெக்கை ஷெட்டுன்னு சொல்லுங்க! கோகிலா ஷெட்டு. ஏறுங்க, ஏறுங்க." இரண்டரை கிலோமீட்டர், எண்பது ரூபாய். பேரம் பேசவில்லை, நியாயமான கூலி.

கோகிலாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் பெயின்டராகப் பல வருஷம் இருந்து, தொழில் கற்றுக்கொண்டு, போன வருஷம்தான் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறார். இது அவர் பெயரில் வந்த முதல் பிளேடு. நான் தேறியது என்று எழுதினால், மின்நிலையத்தில் பழுதாகிக் கிடக்கிற மீதி எட்டு பிளேடும் அவருக்கே வரும். இல்லையென்றால் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடும். மூன்று மணிக்கு லாரி வருகிறது. இதையெல்லாம் அவர் மூச்சு விடாமல் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

பிளேடின் முன்விளிம்பில் அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பழுதைத் தேய்த்தெடுத்து, புதுத் துணி ஒட்டியிருந்தார். 10.15க்குச் சின்னச் சுத்தியலை எடுத்தேன். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு. ஒட்டு நன்றாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். விட்டுப்போயிருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். ஒரு தொப் கூட இல்லை. ஜெல் தடவி, ஒலி அனுப்பும் அல்ட்ராசோனிக் கருவியை ஓட்டினேன், அதிலும் குறையில்லை. 11.35க்கு, "பாஸ்ங்க. அருமையான வேலை" என்று வாய்விட்டுச் சொன்னேன். கோகிலா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டீ வந்தது. சந்தோஷத்தில் அவர் தன் செல்போனை நீட்டினார். "ஆரம்பிச்சதுலேர்ந்து வீடியோ எடுத்து வச்சிகினு இருக்கேன் மேடம், பாருங்க." தேய்க்கிறார், பிசுக்குப் போக அசிட்டோன் போட்டுத் துடைக்கிறார், எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. அப்புறம் சூடம் காட்டினார். விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ, அகலில் இருந்த எண்ணெயைத் தொட்டுக் குங்குமத்தைக் குழைத்தார். துடைத்து வைத்த பள்ளத்திலேயே, வரிசையாக மூன்று பொட்டு வைத்தார். அதற்கு மேலே துணியையும் ரெசினையும் போட்டார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அந்தப் பொட்டைத் துடைச்சீங்களா?"

"சாமிக்கு வச்ச பொட்ட யாராச்சும் தொடைப்பாங்களாங்க?"

விஷயம் இதுதான். உள்ளே இடைவெளி இருந்தால்தான் சத்தம் மாறும். எண்ணெய் பட்ட இடத்தில் இடைவெளி இருக்காது. ரெசின் ஒட்டி உட்கார்ந்திருக்கும், ஆனால் பிடித்திருக்காது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி. வெளியிலிருந்து தட்டிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பாரம் ஏறும்போதுதான் பிய்யும். மேலே ஃபேன் சுற்றும்போது பிய்ந்தால், கீழே ஆள் இருப்பான்.

"இது பாஸ் இல்லங்க. எடுத்துட்டு மறுபடி ஒட்டணும்" என்றேன்.

கோகிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாங்க இது! நீங்கதான நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க? உங்க மெஷினும் சொல்லுது. நானு வீடியோ காட்டாம இருந்திருந்தா லாரி ஏறியிருக்குமா, இல்லையா?"

ஏறியிருக்கும். அதுதான் சுருக்கென்று குத்தியது. பெரிய காது என்று பீற்றிக்கொண்டு வந்தவள், ஒட்டுவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவரிடம் அப்படியே ஒப்புக்கொண்டு, எண்ணெய் உள்ளே செய்கிற வேலையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் மின்நிலைய இன்ஜினியருக்கு அவரே போன் போட்டார்.

"சார், றெக்கை இன்னிக்கி வராதுங்க. ஒட்டு சரியில்ல, பிரிக்கப் போறோம்."

இன்ஜினியர் கத்தியது எனக்கே கேட்டது. "ஃபேன் இன்னொரு நாள் நிக்கணுமாம்மா? இதுக்குத்தான் மெட்ராஸ்காரங்களுக்கே குடுத்துரலாம்னேன்!" போனை வைத்துவிட்டார்.

12.40க்குச் சூடு காட்டி ஒட்டைப் பெயர்த்தோம். மற்ற இடமெல்லாம் நாரைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. மூன்று இடத்தில் மட்டும் ஸ்டிக்கர் மாதிரி வழவழவென்று கழன்றது. அடியில் சிவப்பாக, வட்டமாக, மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. கோகிலா விரலால் தொட்டுப் பார்த்தார். "அய்யோ" என்றார், அவ்வளவுதான்.

மறுபடி தேய்த்து, மூன்று முறை துடைத்து, 2.30க்குள் புது அடுக்குகள் போட்டாயிற்று. பூசையும் நடந்தது. இந்த முறை பொட்டைத் தேய்ப்பு மெஷினுக்கு வைத்தார். ஹீட்டர் விளக்கின் கீழ் ஆறு மணி நேரம் காய வேண்டும் என்பதால் நான் ஆர்ச் கேட் பக்கம் லாட்ஜில் தங்கினேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லாட்ஜ் வாடகை 900 ரூபாய், ஃபேன் ரூமே போதும். மதியம் பன்னிரண்டுக்கு மேல் ஷெட்டில் வெயில் கொளுத்தும், தட்டுகிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஜெல் அங்கே கிடைக்காது, கையோடு கொண்டுபோங்கள். முக்கியமானது: சுத்தியலைத் தொடுவதற்கு முன் வேலை செய்தவருடன் உட்கார்ந்து, துடைத்ததற்கும் ஒட்டியதற்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று கேளுங்கள். பூசை நடந்ததா, எங்கே நடந்தது என்றும் கேளுங்கள். கேட்பதில் ஒன்றும் தப்பில்லை, நமக்கும் சாமி உண்டுதானே.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி தட்டினேன். எல்லாம் டங். இந்த முறை எனக்கு நம்பிக்கை வந்தது காதால் மட்டுமில்லை. நேற்று கூடவே நின்று பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் முதல் ஒட்டை நிராகரித்த காரணம் எழுத வேண்டும். 'குங்குமப் பொட்டினால்' என்று ஆரம்பித்தேன். தோளுக்குப் பின்னால் நின்ற கோகிலா தடுத்தார்.

"சாமி பொட்டால கெட்டுப்போச்சின்னு எழுதாதீங்க மேடம். கோகிலா எண்ணெயத் தொடைக்கலன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா எட்டு பிளேடும் கை விட்டுப் போயிடுமேங்க."

"போனா போவுது. தப்பு எம்மேல இருக்க, சாமி மேல ஏன் போடணும்?"

அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: அதைக் கேட்டறியாமல் முதலில் தேறியது என்று சொன்னவர், சோதனை செய்த நான்.

10.30க்கு லாரியோடு இன்ஜினியரும் வந்தார். திருநெல்வேலிக்காரர், இருபது வருஷமாக டவுன்ஷிப்வாசி. விறைப்பாகவே ரிப்போர்ட்டை வாங்கினார். இரண்டு தடவை படித்தார்.

"கோகிலா எண்ணெயத் தொடைக்கலன்னு இருக்கே, இந்த வரியை யாரு எழுதச் சொன்னது?"

"நான்தாங்க" என்றார் கோகிலா.

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "மத்த எட்டும் திங்கக்கிழமை இங்கதான் வருது. எறக்க ஆள் சொல்லி வச்சிரு" என்றார்.

கோகிலா ரெசின் டிரம் மேல் பொத்தென்று உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.